பெட்டிக்குப் போட்ட மாலை

மைசூரில் பதினான்கு வருஷம் குடியிருந்துவிட்டு, ஜம்பு சவாரியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று ஒருத்தர் சொன்னால் யார் நம்புவார்கள்? விஜயதசமியன்று அம்பாரி சுமந்து வரும் யானையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆள் வந்து, சயாஜி ராவ் ரோட்டில் காலையிலேயே துண்டு விரித்து இடம் பிடிக்கிறது. அய்யாவு வேலை பார்க்கும் போகாதிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி. அந்த அரை மணி தூரத்தைக் கடக்க மனுஷருக்குப் பதினான்கு வருஷம் போதவில்லை.

உடனே சோம்பேறி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். காரணம் தண்ணீர்.

அய்யாவு கட்டடம் கட்டுகிற இடங்களில் பம்ப் பார்க்கிறவர். மாதேசுவரன் மலைக்குப் போகிற வழியில் ஹனூர்ப் பக்கத்து ஆள். கொள்ளேகாலில் பஸ் மாறி மைசூருக்கு வந்து முதல் வாரம் மண் சுமந்தார். இரண்டாம் வாரம் யாரோ ஒருவர், "இந்த மோட்டாரைச் சித்த நேரம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. அய்யாவு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அஸ்திவாரத்துக்கு இருபது அடி, முப்பது அடி என்று தோண்டுகிறார்கள் அல்லவா, அந்தப் பள்ளத்தில் நாலா பக்கமும் ஊற்று கசியும். மூலையில் ஒரு குழி வெட்டி, கசிகிறதையெல்லாம் அதில் சேர்த்து, பம்ப் வைத்து வெளியே தள்ள வேண்டும். தள்ளாமல் விட்டால் கம்பி துருப்பிடிக்கும், கரை மண் சரியும், மேலே நிற்கிற பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரும் கூடவே இறங்கி வந்து சேரும். சரி, பம்பை ஓட விட்டுவிட்டுப் போகலாமே என்றால் அதுவும் ஆகாது. தண்ணீர் வற்றிய பிறகும் ஓடினால் பம்ப் கருகிப்போகும். நிரம்பினால் போட வேண்டும், வற்றினால் நிறுத்த வேண்டும், அதற்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். தசராவோ மழைக்காலத்தின் வாலில் வருகிறது. ஊரே லீவு போட்டுவிட்டு ஊர்வலம் பார்க்கப் போகும். ஊற்று மட்டும் லீவு போடாது.

அவருடைய மகள் அஷ்வினி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னார்கள். அம்மா, தான், வீட்டுக்கு வருகிற பூனை, மூன்றையும் வரைந்துவிட்டு, ஓரத்தில் ஒரு குழாயும் அதிலிருந்து கொட்டுகிற தண்ணீரும் வரைந்தாள். அப்பா எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "குழாய்க்கு அந்தப் பக்கம்" என்றாள். படத்தைப் பார்த்து அய்யாவு வாய்விட்டுச் சிரித்தார். சைட்டில் எல்லோரிடமும் காட்டினார். அன்றைக்கு மத்தியானம் மட்டும் சோறு இறங்கவில்லை.

அவள் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்கியபோது அவர் ஹூட்டகள்ளியில் ஒரு பள்ளத்தில் நின்றார். மச்சினன் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்து பந்தியும் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்து, வாடகைப் பாத்திரம் ஏற்றுகிறவர்களோடு சேர்ந்து பாத்திரம் ஏற்றிவிட்டு வந்தார். ராத்திரி படுக்கையும் சைட்டிலேயே என்பதால், அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு என்பதே சாயங்கால போன்தான். "பம்ப் ஓடுதாப்பா?" என்று அவள் கேட்பாள். "ஓடுது கண்ணு. மொழங்கால் தண்ணி இருக்குது. அரமணில வத்தீரும்" என்பார் இவர். வருஷக்கணக்காக இதே கேள்வி, இதே பதில். ஒரு நாள்கூட தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தெரியாமல் அவர் பதில் சொன்னதில்லை.

இந்த வருஷம் ஆவணியில் சைட்டுக்குப் பெட்டி வந்தது.

சாம்பல் நிறத்தில், டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி. உள்ளே சிம் கார்டும் தனியாக ஒரு பேட்டரியும் இருந்தன. பம்பின் கேபிளைச் சுற்றி ஒரு வளையம், அது கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கும். குழிக்கு மேலே ஒரு கம்பத்தை நீட்டி, அதன் நுனியில் தலைகீழாக ஒரு கண்ணைத் தொங்கவிட்டிருந்தார்கள், அது தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பார்க்கும். தண்ணீர் ஏறினால் பெட்டியே பம்பைப் போட்டுக்கொள்ளும், இறங்கினால் அதுவே நிறுத்தும். இத்தனையும் பெங்களூரில் ஒரு அறையில் கம்ப்யூட்டர்த் திரையில் தெரியும். அங்கே அனகா என்று ஒரு பெண் இன்ஜினீயர் உட்கார்ந்து, அறுபது சைட்டுகளின் பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியை மாட்டின அன்றைக்கு சைட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. சென்ட்ரிங் போடுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரித்தார்கள். "அய்யாவண்ணா, உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாங்களே" என்றார்கள். அய்யாவு முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தவித்தார். காரணம், அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கன்னடம் கலந்து தமிழ் பேசுகிற சைட் இன்ஜினீயர் மஞ்சுநாத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏனுங் சார், இந்தப் பெட்டி பண்டிகைக்கும் பாக்குங்களா?"

"பெட்டிக்கு ஏதுரீ பண்டிகை? வருஷம் பூரா பாக்கும்."

"ஜம்பு சவாரியன்னைக்கும்?"

மஞ்சுநாத் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு மாதம் சோதனை. ஆயுத பூஜை வரைக்கும் பெட்டி ஒரு பொய்யும் சொல்லாமல் இருந்துவிட்டால், மறுநாள் விஜயதசமியிலிருந்து பம்ப் பக்கத்தில் ஆள் காவல் கிடக்க வேண்டாம் என்று தலைமை ஆபீசில் எழுதிக் கொடுப்பார்கள். அய்யாவுக்கு வேலை போகாது. நாலு சைட்டுப் பம்புகளைச் சுற்றிப் பார்க்கிற வேலையாக அது மாறும்.

இவர் இத்தனை துருவிக் கேட்டதற்குக் காரணம் யானை இல்லை. அஷ்வினி இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். அங்கே பெண்கள் கம்சாளே குழுவில் சேர்ந்திருந்தாள். ஒரு கையில் வெண்கலக் கிண்ணம், இன்னொரு கையில் நூல் கோத்த தாளத்தட்டு, தட்டைச் சுழற்றிச் சுழற்றி மோதிக்கொண்டே ஆடுகிற ஆட்டம் அது. மாதேசுவரன் மலைச் சாமிக்கு ஆடுவது, அதாவது அய்யாவுவின் சொந்தச் சீமை ஆட்டம். இந்த வருஷம் ஜம்பு சவாரி ஊர்வலத்தில் ஆட அவர்கள் குழுவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"இந்தத் தடவ நா வாரன் கண்ணு. பெட்டி பாத்துக்கும்" என்றார் அய்யாவு.

"ஹ்ம். வாங்கப்பா" என்றாள் அஷ்வினி. பஸ் ஸ்டாண்டில் தெரியாதவர்கள் "வீட்டுக்கு வாங்க" என்று சொன்னால் நாம் நம்பாமலே ஆகட்டும் என்று சொல்வோமே, அந்தக் குரல்.

அன்றிலிருந்து பெட்டிக்கு நடந்த உபசாரத்தைப் பார்க்க வேண்டும். வெயில் படக் கூடாதென்று அதற்கு ஒரு தகரக் கூரை. எறும்பு ஏறக் கூடாதென்று கம்பத்தின் அடியில் மஞ்சள்தூள் வட்டம். காக்கை அந்தக் கண்ணின் மேல் உட்கார்ந்தால் அய்யாவு கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்தார், ஒரு தடவை சாப்பாட்டு டப்பாவே போய்க் குழிக்குள் விழுந்தது. அனகா தினமும் காலையில் போன் செய்வாள். அவளும் மைசூர்ப் பெண்தான், தமிழ் வீடு. "அய்யாவு அண்ணா, உங்க சைட்டு எல்லாம் பச்சை" என்பாள். பச்சை என்றால் கோளாறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். "பச்சைங்களா அம்மணி, அப்படியே இருக்கட்டுங்" என்பார் இவர். இருபத்தொன்பது நாளும் பச்சை. அவர் மனைவி மாரியம்மா, ஊர்வலத்துக்குக் கட்டப்போகிற சேலைக்கு ஏற்ற ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாள்.

முப்பதாம் நாள் ஆயுத பூஜை.

கட்டட சைட்டில் ஆயுத பூஜை என்றால் கலவை மிஷினிலிருந்து மண்வெட்டி வரைக்கும் குளிக்கும். அய்யாவு வழக்கம்போல மெயின் சுவிட்சை அணைத்து, பம்பை மேலே தூக்கிக் கழுவி, மூன்று பட்டை விபூதி இழுத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பூப் போட்டார். வழக்கமாக அத்தோடு முடிந்துவிடும். இந்த வருஷம் வீட்டுக்குப் புது உறவு வந்திருக்கிறதே. பெட்டிக்குப் பட்டை போட்டார். வளையத்துக்குப் பொட்டு வைத்தார். கம்பத்து நுனியில் தொங்கும் கண்ணுக்கு வந்தபோது அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. பதினான்கு வருஷமாக இவர் பார்த்த பார்வையைத்தானே அது இனிமேல் பார்க்கப்போகிறது. ஈரச் சந்தனத்தைக் குழைத்துக் கண்ணின் வட்ட முகத்தில் நடுவாக ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். தேவராஜ மார்க்கெட்டில் வாங்கி வந்திருந்த செவ்வந்தி மாலையைக் கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரி அதன் கழுத்தில் போட்டார். மாலை ஒரு முழத்துக்கு மேல் கீழே தொங்கி, காற்றில் ஆடியது. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பம்பைக் குழியில் இறக்கி, மெயின் சுவிட்சைப் போட்டார்.

பம்ப் தானாகவே ஓட ஆரம்பித்தது. அதுவரை சரிதான். கணுக்கால் தண்ணீர் இருந்தது, வற்றியது, வற்றிய பிறகும் ஓடியது. அய்யாவு காதைத் தீட்டினார். இந்த மனுஷர் கையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாலும் பம்ப் ஓசையில் ஒரு துடிப்பு பிந்தினால் பாதிக் கவளத்தில் எழுந்துவிடுவார். தண்ணீரை விட்டுக் காற்றைக் குடிக்கிற கரகரப்பு கேட்டதும் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். ஒரு நிமிஷம் பொறுத்துத் திரும்பப் போட்டார். அது மறுபடியும் காற்றைக் குடித்தது. மறுபடியும் அணைத்தார்.

போன் அடித்தது. அனகா.

"அய்யாவு அண்ணா, பம்பை ஏன் ஆஃப் பண்ணீங்க? குழி ரொம்பிப் போயிருக்கு."

"குழியிலீங்களா? தவளை குளிக்கக்கூடத் தண்ணி இல்லீங் அம்மணி."

"எனக்கு ஸ்க்ரீன்ல பன்னெண்டு அடி காட்டுது அண்ணா. ரெண்டு நிமிஷத்துல ஏறியிருக்கு. நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"குழிக்குள்ளாறதானுங்க நிக்கறேன்."

அனகா திரையைத் திரும்ப ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, குழிக்குள்ள நீங்க நின்னா, உங்க தலைக்கு மேல ஆறு அடி தண்ணி இருக்கணும்."

அய்யாவு அண்ணாந்து பார்த்தார். மேலே வானம்தான் இருந்தது. செவ்வந்தி மாலை ஆடிக்கொண்டிருந்தது.

இதற்குள் பெட்டி தன் கடமையைச் செய்துவிட்டது. தண்ணீர் அளவுக்கு மீறி ஏறி, பம்பையும் யாரோ அணைத்தால், ஏழு பேருக்குச் செய்தி போக வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். போயிற்று. பெங்களூரில் தன் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த பெரிய அதிகாரிக்குப் போயிற்று. குழி மூழ்குகிறது, ஆள் பம்பை நிறுத்துகிறான் என்று படித்ததும் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார். நஞ்சன்கூட்டில் வாடகைக்குப் பெரிய டீசல் பம்ப் வைத்திருப்பவர்களைப் பிடித்து, ஆபரேட்டரோடு உடனே அனுப்பச் சொல்லிவிட்டார். மஞ்சுநாத் தன் ஸ்கூட்டருக்குப் பூஜை செய்துகொண்டிருந்தவர், கையெல்லாம் விபூதியோடு அதே ஸ்கூட்டரில் பறந்து வந்தார். குழியைப் பார்த்தார், அய்யாவுவைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் கம்பத்தோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து அனகாவுக்கு அனுப்பினார்.

அனகா திரும்பக் கூப்பிட்டபோது அவளால் பேச முடியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அண்ணா, அந்தக் கண்ணு கீழ ஒரு சத்தம் அனுப்பும். தண்ணில பட்டு அது திரும்பி வர்ற நேரத்தை வெச்சுத்தான் கணக்குப் போடுது. நீங்க அதுக்கு நேர் கீழ மாலையைத் தொங்க விட்டிருக்கீங்க. சத்தம் பூவுல பட்டுத் திரும்பி வருது. அது பூவையே தண்ணின்னு நெனச்சிட்டிருக்கு. மாலையக் கழட்டுங்க."

"கழட்டறதுங்களா?" அய்யாவுக்குத் திக்கென்றது. "அம்மணி, சாமிக்குன்னு போட்ட மாலை. பூஜை முடிஞ்சு ஒரு மணி நேரங்கூட ஆகலீங். நாளைக்கு வெரைக்கும் எடுக்கப்படாதுங்க."

இன்னொருத்தி என்றால் எரிந்து விழுந்திருப்பாள். அனகா மைசூர்ப் பெண் ஆயிற்றே. "சரி, எடுக்க வேண்டாம். மேல ஏத்திக் கம்பத்துல சுத்திக் கட்டுங்க. எங்க ஆபீஸ்லயும் இன்னைக்கு ஸ்க்ரீனுக்கெல்லாம் பூ வெச்சிருக்கோம். ஓரமா வெச்சிருக்கோம்" என்றாள்.

அய்யாவு மாலையை மேலே ஏற்றிச் சுற்றிக் கட்டினார். கண்ணில் அப்பியிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் துண்டு முனையால் ஒற்றி எடுத்து, கீழே போட மனசு வராமல் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். திரை பச்சையாயிற்று.

ஆனால் முப்பது நாள் கணக்கில் சிவப்பு விழுந்தது விழுந்ததுதான். பெரிய அதிகாரி மாலை விஷயத்தைக் கேட்டுவிட்டு, பூவைத் தண்ணீர் என்கிற பெட்டியை நம்பி பண்டிகை நாளில் சைட்டை விட முடியாது என்று எழுதி அனுப்பினார். நாளை முழுக்க, குழிப் பக்கத்தில் பம்ப் ஆபரேட்டர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மஞ்சுநாத் அதை வாசித்துக் காட்டும்போது அய்யாவு முகத்தைப் பார்க்காமல் வாசித்தார்.

அய்யாவுக்கு யார் மேல் கோபப்படுவது? பெட்டி கேட்டதா மாலை வேண்டும் என்று? தன் கையாலேயே தன் லீவுக்கு மாலை போட்டுவிட்டோமே என்று நினைத்து நினைத்து நொந்துபோனார். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு போன் வந்தது.

"பம்ப் ஓடுதாப்பா?"

"ஓடுது கண்ணு. கணுக்கால் தண்ணிதா." கம்பத்தில் கட்டியிருந்த மாலையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "நாளைக்கு நா வர முடியாது போலிருக்குது. பெட்டி கொஞ்சம் தகராறு பண்ணீருச்சு."

"பரவால்லப்பா. எனக்குத் தெரியும்" என்றாள் அஷ்வினி.

அவள் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். எனக்குத் தெரியும் என்று அவள் அத்தனை சாதாரணமாகச் சொன்னது நெஞ்சில் போய்க் குத்தியது.

வேண்டாம் என்று சொல்ல எல்லோரும் மறந்துபோன டீசல் பம்ப், விளக்கு வைக்கிற நேரத்துக்கு நஞ்சன்கூட்டிலிருந்து வந்தது, ஒரு டிராக்டரின் பின்னால், தசரா நெரிசலில் நாலு மணி நேரம் ஊர்ந்து. அதோடு வந்தவர் சித்தையன், ஐம்பது வயது, தொந்தியும் கட்டை மீசையுமாக. வெள்ளத்தை இறைக்கிற வேகத்தில் குதித்து இறங்கி, குழியை எட்டிப் பார்த்தார்.

"எங்கய்யா வெள்ளம்?"

"இல்லீங்" என்றார் அய்யாவு.

"பின்ன என்னத்துக்கு என்னைய வரச் சொன்னீங்க?"

"பூவுங்."

சித்தையன் அதற்குமேல் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு டிராக்டருக்கு அடியில் படுத்துவிட்டார்.

விஜயதசமி காலையில் லேசாகத் தூறி விட்டது. பெட்டி தானாகப் பம்பைப் போட்டது, தானாக நிறுத்தியது, வெகு ஒழுங்கு. அய்யாவு அதற்கு முகம் கொடுக்காமல் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். சித்தையன் பதினோரு மணிக்கு எழுந்து பல் தேய்த்து, பன்னிரண்டு வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யோவ், நானும் விடிஞ்சதுலேருந்து பாக்கறேன். பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டவனாட்டம் அந்தப் பொட்டிகிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருக்கியே. என்ன சமாச்சாரம்?"

அய்யாவு சொன்னார். மாலையிலிருந்து ஆரம்பித்து, மகளுக்கு வந்து, இரண்டாம் வகுப்புப் படத்தில் வந்து நின்றார்.

சித்தையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு ஆடுதா? இன்னைக்கா? நீ இங்க குந்திக்கிட்டு என்ன பண்றே?"

"ஒரு ஆள் இருக்கோணும்னு உத்தரவுங்களே."

"நா என்ன ஆள் இல்லியா? இருவது வருசமா பம்ப் ஓட்டறேன். இன்னைக்கு ரோடெல்லாம் அடைச்சுக் கெடக்கு, நாளைக்குக் காத்தால டிராக்டர் எடுக்கற வரைக்கும் நா எங்க போறதாம்? ஜம்பு சவாரியெல்லாம் நா பத்து தடவ பாத்தாச்சு. ஜனம் கால மிதிச்சே சாவடிக்கும். எழுந்து போய்யா."

அய்யாவு மஞ்சுநாத்துக்கு போன் போட்டார். மஞ்சுநாத் அனகாவையும் அதே போனில் சேர்த்துக்கொண்டார். அனகா உத்தரவை எடுத்து நிதானமாக இரண்டு தடவை படித்தாள்.

"பம்ப் ஆபரேட்டர் ஒருத்தர் இருக்கணும்னுதான் போட்டிருக்கு சார். சித்தையன் ஆபரேட்டர்தானே? பெரியவர்தானே அவரை அனுப்பி வெச்சார்? நான் இப்பவே பெரியவருக்கு மெசேஜ் போட்டுடறேன், சைட்ல சித்தையன் இருக்கார்னு."

மஞ்சுநாத்துக்கும் அது சரியாகப் பட்டது. "போய்ட்டு வாங்கரீ அய்யாவு" என்றார்.

"அண்ணா, எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க" என்றாள் அனகா. "எங்க அம்மா அப்பா சரஸ்வதிபுரத்துலதான் இருக்காங்க. அவங்க எல்லாம் இப்ப அங்க இடம் பிடிச்சு உக்காந்திருப்பாங்க. நான் இங்க உங்க குழியைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

அய்யாவுக்குச் சுருக்கென்றது. பெட்டி வந்து காவல் வேலையைத் தீர்த்துவிட்டது என்று நினைத்திருந்தார். தீர்க்கவில்லை, தூக்கிக்கொண்டு போய்ப் பெங்களூரில் ஒரு பெண்ணின் மடியில் வைத்திருக்கிறது. "அடுத்த வருசம் நீங்க வாங்க அம்மணி. நா எப்படியாச்சும் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தார்.

பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்குமேல் வண்டி விடவில்லை. நடந்தார், ஓடினார், ஊரே ஒரே திசையில் போய்க்கொண்டிருந்ததால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. மாரியம்மா காலை எட்டு மணிக்கே வந்து, தேவராஜ மார்க்கெட் எதிரே தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் புளியோதரைப் பையோடு இடம் பிடித்திருந்தாள். நாலு தடவை போன் பேசி, மூன்று போலீஸ்காரர்களிடம் கெஞ்சி, அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. ஊர்வலம் ஆரம்பித்துவிட்டிருந்தது.

மாரியம்மா அவரைப் பார்த்தாள். பதினான்கு வருஷம் கழித்து ஊர்வலம் பார்க்க வந்த புருஷனிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"ஏனுங், அதென்ன தலையில?"

அய்யாவு தலையைத் தொட்டுப் பார்த்தார். சைட்டில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட். கழற்ற மறந்து அப்படியே ஊரைக் கடந்து வந்திருக்கிறார். கழற்றப் போனவர் கை பாதியில் நின்றது. ரோட்டில் வெண்கலச் சத்தம் கேட்டது.

மஞ்சள் சேலையைப் பஞ்சகச்சமாகக் கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு முப்பது பெண்கள் வந்தார்கள். தட்டுகள் சுழன்று கிண்ணத்தில் மோதின, முப்பது கையும் ஒரே அடி. இரண்டாவது வரிசையில் இந்தப் பக்கத்து ஓரத்தில் அஷ்வினி. குனிந்து, சுழன்று, தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மோதிவிட்டு நிமிர்ந்தாள். அய்யாவு வாயைத் திறந்தபடி நின்றார். வீட்டில் ரசத்துக்கு உப்பில்லை என்று முகம் சுளிக்கிற பெண்ணா இது என்று இருந்தது அவருக்கு.

அவள் கூட்டத்தைப் பார்க்கவேயில்லை. மற்றப் பெண்கள் அவ்வப்போது கண்ணை ஓட்டி அவரவர் வீட்டு ஆட்களைத் தேடினார்கள். அஷ்வினி தேடவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே.

"கண்ணு" என்று கூப்பிட்டார். மேளச் சத்தத்தில் அது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. குழு அவரைத் தாண்டப் போகிற சமயம், பின்னால் நின்ற ஒருவர் தோளைத் தட்டி, "ஹெல்மெட் தெகீரி சார், முந்தே காணஸ்தில்ல" என்று அதட்டினார். தம்மை மறைக்கிற ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்கிறார் பாவம். அய்யாவு கழற்றினார். கழற்றிய கையோடு அதை உயரத் தூக்கிப் பிடித்து ஆட்டினார். பின்னாலிருந்தவர்களுக்கு இப்போது இன்னும் மோசமாக மறைத்தது, எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

அந்தக் கூச்சலுக்கு அஷ்வினி திரும்பினாள். முதலில் மஞ்சளாக ஆடுகிற ஏதோ ஒன்றைப் பார்த்தாள். அப்புறம் அதற்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள்.

முப்பது தட்டில் இருபத்தொன்பதுதான் சேர்ந்து ஒலித்தது. ஒன்று, ஒரே ஒரு அடி, பிந்தி விழுந்தது. அந்த ரோட்டில் நின்ற அத்தனை ஆயிரம் ஜனத்தில் வேறு யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. அய்யாவுக்கு விழுந்தது.

அடுத்த அடியை அவள் சரியாகப் பிடித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஆடினாள். அய்யாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் இல்லை. குழு நகர, இவரும் கூட்டத்துக்குப் பின்னால், கடை வாசல்களில் ஏறி இறங்கி, இளநீர் வண்டியில் மோதி, ஒரு குழந்தையின் பலூனுக்கு மன்னிப்புக் கேட்டு, கூடவே போனார். ஆயுர்வேத ஆஸ்பத்திரி சர்க்கிளைத் தாண்டியும் போனார். ஊர்வலம் முடிகிற பன்னிமண்டபம் வரைக்கும் போனார்.

இராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹினகலில் இருக்கும் தங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மாரியம்மா யானையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். என்ன நடை, என்ன அம்பாரி, தங்கம் வெயிலில் கண்ணைப் பறித்தது என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டுப் புருஷனிடம் கேட்டாள்.

"நீங்க எங்கிருந்து பாத்தீங்க?"

அய்யாவு சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "யானையா?"

"பின்ன? அதுக்குத்தானே ஊரே போறது."

அவர் எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். யானை இவருக்குப் பின்னால் எங்கேயோ வந்திருக்க வேண்டும். "பாக்கலியே" என்றார். மாரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அஷ்வினி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு, வாய்ப் பழக்கத்தில் கேட்டாள்.

"பம்ப் ஓடுதாப்பா?"

அய்யாவு பதில் சொல்ல வாயைத் திறந்தார். மத்தியானத்திலிருந்து அந்த நினைப்பே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தெரியலியே கண்ணு" என்றார்.

அஷ்வினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.